விளக்கை அணைப்பவர்கள்

மோட்டார் வண்டியைப் பற்றி எழுதக் கதாசிரியனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கக் கூடிய நண்பர்கள் எனக்கு உண்டு. 'இது மோட்டாரைப் பற்றிய கட்டுரையே இல்லை, மனிதர்களைப் பற்றியது' என்று சொல்லி அவர்களிடமிருந்து நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. மோட்டாரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி நடுச் சாலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவதைப் பற்றியும், அதன் முகப்பில் மஞ்சளாக எரிகிற ஒரு சின்ன விளக்கைப் பற்றியும், அந்த விளக்கைச் சாக்காக வைத்துக்கொண்டு பட்டறைகளில் நடக்கிற அநியாயத்தைப் பற்றியுமே எழுதுகிறேன். எனக்கு இதில் உள்ள யோக்கியதை ஒன்றே ஒன்று. ஒருவன் தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது குறுக்கே விழாமல் கேட்பது எங்கள் தொழில். அந்தத் தொழில் மோட்டார்ப் பட்டறைகளில் அற்றுப் போய் வருகிறது என்பது என் வழக்கு. அதனால் உயிர்கள் போயிருக்கின்றன என்பதையும் சொல்கிறேன்.

'எங்களிடம் வந்தபோது வண்டி நன்றாகத்தான் ஓடியது.' வண்டி வைத்திருப்பவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. எவ்வளவு மரியாதையான வாக்கியம்! இதில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஆனால் இதன் உள்ளர்த்தம் என்ன? நீ சொல்வது பொய்; அல்லது உனக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை; அல்லது உனக்குப் பிரமை. மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ. குளிர்சாதன அறையில், கழுத்துப் பட்டை கட்டிய ஓர் இளைஞர் இதைப் புன்னகையோடு சொல்லும்போது, எதிரே நிற்பவன் தன் அனுபவத்தையே சந்தேகித்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொள்கிறான்.

எப்போதும் ஓடாத வண்டி ஒரு பிரச்னையே அல்ல. அதை எவரும் பழுது பார்த்துவிடலாம். எது செத்துக் கிடக்கிறதோ அதைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. விட்டு விட்டு நிற்கிற வண்டி இருக்கிறதே, அது முறைக் காய்ச்சலைப் போன்றது. காய்ச்சல் இல்லாத நாளில் வைத்தியரிடம் போனால் நாடி நன்றாக இருக்கும், நாக்கு நன்றாக இருக்கும், உடம்பு குளிர்ந்திருக்கும். 'உனக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிற வைத்தியரை நாம் என்ன சொல்வோம்? எந்தெந்த நாளில் வருகிறது, எத்தனை மணிக்கு நடுக்கம் எடுக்கிறது, எப்போது வியர்த்து விடுகிறது என்று கேட்கத் தெரிந்தவர்தான் வைத்தியர். அந்த நோயில் நோயாளியின் வாய்மொழியே பாதி பரிசோதனை. இந்த வண்டிக்கும் அப்படித்தான். அதற்கு வாய் இல்லாத காரணத்தால் ஓட்டுகிறவனின் வாய்தான் அதன் வாய்.

வாடகைக் கார் ஓட்டுகிற ஓர் இளைஞனை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். செங்கற்பட்டிலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது ஒருநாள் அவன் வண்டியில் வந்தேன். நல்ல வெயில். பெருங்களத்தூரை நெருங்குகிற சமயத்தில், எந்த இருமலும் திணறலும் இல்லாமல், யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி எஞ்சின் நின்றது. பின்னால் ஒரு லாரி. அதன் ஹாரன் முதுகில் அறைந்தது. ஸ்டீரிங் கல்லாய்க் கனக்க, அவன் இரண்டு கையாலும் அதை இழுத்து, இருந்த வேகத்தை வைத்தே வண்டியை ஓரத்தில் உருட்டி நிறுத்தினான். அவன் முகத்தில் பயம் இல்லை, அவமானம் இருந்தது. "மன்னிச்சிடுங்க சார். இருபது நிமிஷம் ஆகும். சூடு இறங்கினா தானா ஓடும்" என்றான். சொன்னபடியே இருபது நிமிஷத்தில், ஒன்றுமே நடக்காதது போல, வண்டி கிளம்பிற்று.

அவன் சொன்னதைக் கவனியுங்கள். சூடு ஏறினால் நிற்கிறது, இறங்கினால் ஓடுகிறது. நிற்பதற்கு முன்னால் திணறுவதில்லை. வைத்தியருக்குச் சொல்ல வேண்டியதில் முக்கால் பங்கு இதில் வந்துவிட்டது. இதையே அவன் ஒரு பெரிய பட்டறையில் நான்கு தடவை சொல்லியிருக்கிறான். நான்கு தடவையும் ஜாப் கார்டில் எழுதப்பட்டது இரண்டே வார்த்தை: 'ஓட்டத்தில் நிற்கிறது.' சூடும் இல்லை, இருபது நிமிஷமும் இல்லை. எழுதுகிறவருக்கு அவை கதை. கதையை எழுத அந்தக் காகிதத்தில் இடம் கிடையாது.

முதல் தடவை வண்டியில் ஸ்கேனர் பெட்டியைச் செருகிப் பார்த்தார்கள். குற்றக் குறி ஒன்றும் பதிவாகவில்லை. வண்டியைக் கழுவி, கழுவியதற்குப் பணமும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இரண்டாம் தடவை அவன், "நின்ன உடனே எல்லா விளக்கும் எரியுது" என்று சொன்னான். பாட்டரி விளக்கு எரிந்ததா என்று கேட்டார்கள். எரிந்தது என்றான். புது பாட்டரி போட்டார்கள். சாவி திறந்த நிலையில் எஞ்சின் ஓடாமல் இருந்தால் பாட்டரி விளக்கும் எண்ணெய் விளக்கும் எரியத்தான் செய்யும் என்பது மோட்டாரில் அரிச்சுவடிப் பாடம். தினம் காலையில் சாவியைத் திருப்பும்போது அவை எரிவதை நாமெல்லோரும் பார்க்கிறோம். எஞ்சின் நின்றதனால் அவை எரிந்தன. அவை எரிந்ததனால் எஞ்சின் நின்றதாக வைத்துக்கொண்டு ஒருவன் வயிற்றில் அடித்தார்கள்.

மூன்றாம் தடவை மஞ்சள் விளக்கே எரிந்தது. பெட்டியைச் செருகினார்கள், குறி கிடைத்தது. கிராங்க் ஷாஃப்ட் சுழல்வதைப் பார்த்துச் சொல்கிற சென்சாரைப் பற்றிய குறி. சென்சாரை மாற்றினார்கள், பெட்டியாலேயே விளக்கை அணைத்தார்கள். பத்து நாள் கழித்துக் கிண்டிப் பாலத்தில் வண்டி மறுபடி நின்றது. நான்காம் தடவை பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கிற பம்ப்பை மாற்றினார்கள். ஆகச் செலவு இருபத்திரண்டாயிரம் ரூபாய். இதனோடு, நின்ற நாட்களில் போன சவாரிகள். வட்டியோடு ஏறின தவணை. நடு வழியில் இறங்கிப் போன பயணிகள் கைப்பேசியில் அவனுக்குக் குறைத்துப் போட்ட நட்சத்திரங்கள். பழுது வண்டியில், நட்சத்திரம் குறைந்தது மனிதனுக்கு.

ஐந்தாவதாக அவன் போனது சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்கு. அங்கேயும் நான் கூடப் போனேன். நிஜமாகவே வேடிக்கை பார்க்கத்தான் போனேன். வயதான ஒரு பாய். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பானெட்டைத் திறக்காமலே கேட்க ஆரம்பித்தார்.

"வண்டி நின்னப்போ கியர்ல இருந்துச்சா தம்பி?"

"ஆமா பாய். நாலாவது கியர்."

"கிளச்ச மிதிச்சியா?"

"உடனே மிதிக்கல."

"அப்போ சக்கரம் எஞ்சினைச் சுத்திக்கிட்டேதான் இருந்திருக்கும். ஆர்.பி.எம். முள் என்ன பண்ணிச்சு? மெதுவா இறங்கிச்சா, டக்குனு பூஜ்யத்துக்கு விழுந்துச்சா?"

இளைஞன் யோசித்தான். "டக்குனு விழுந்துச்சு பாய். வண்டி ஓடிக்கிட்டிருக்கப்பவே விழுந்துடுச்சு."

"பெட்ரோல் வரலேன்னா அப்படி விழாது" என்றார் பாய். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில், பத்தாயிரம் ரூபாய் பெறுமான பம்ப் அநாவசியம் என்று தீர்ந்து போயிற்று. எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்தைக் காட்டுகிறது என்றால், சுழல்கிறது என்று சொல்ல வேண்டிய சாட்சி வாயை மூடிக்கொண்டுவிட்டது என்று பொருள். கம்ப்யூட்டருக்கு அந்தச் சேதி போகாவிட்டால், எஞ்சின் நின்றுவிட்டதாக நினைத்துப் பொறியையும் பெட்ரோலையும் அது நிறுத்திவிடும்.

"சென்சார் புதுசு பாய்" என்றான் இளைஞன்.

"சென்சார் புதுசு. ஒயரு?"

எஞ்சினை ஓட விட்டுச் சூடாக்கினார். முக்கால் மணி நேரம் போயிற்று. நடுவில் தேநீர் வந்தது. பிறகு கையைக் கீழே விட்டு, சென்சாருக்குப் போகிற ஒயர்க் கற்றையை விரல் விரலாக அசைத்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் அசைத்ததும் எஞ்சின் செத்தது. விட்டதும் ஓட்டிப் பார்த்தார், ஓடிற்று. அசைத்தார், செத்தது. மேலே உறை நன்றாக இருந்த ஒயருக்குள் செம்பு இழைகள் அறுந்துபோய், ஒன்றிரண்டு மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தன. சூட்டில் விலகும், குளிர்ந்தால் சேரும். ஒரு சாண் ஒயரும் கொஞ்சம் ஈயப்பற்றும் வைத்து வேலை முடிந்தது. பாயிடமும் ஸ்கேனர் பெட்டி இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நான் அநியாயக்காரன் ஆவேன். எஞ்சின் சாகிற தருணத்தில் எந்த எண் விழுகிறது என்று பார்க்க அதையும் செருகித்தான் வைத்திருந்தார். பெட்டியைக் கேள்வி கேட்பதற்குப் பயன்படுத்தினார்.

இங்கேதான் என் சண்டை. பெட்டி கொடுத்த குறி பொய்யா? அல்ல. பி-0335 என்ற அந்தக் குறிக்கு அர்த்தமே 'கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு' என்பதுதான். சென்சார், அதன் செருகி, ஒயர், மறுமுனையில் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்ததுதான் சுற்று. தெருவின் பெயரை அது சொல்லிற்று. வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் முதல் வீட்டுக்காரனைத் தூக்கில் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பி-0171 என்று இன்னொரு குறி உண்டு. எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஒரு ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தாலும் வரும். காற்றை அளக்கிற சென்சாரில் அழுக்கு சேர்ந்தாலும் வரும். பம்ப் சோர்ந்தாலும் வரும். அதற்கெல்லாம் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி விடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். குறைவைக் கண்டு சொன்னதே அந்த ஆக்ஸிஜன் சென்சார்தான். புகார் கொடுக்க வந்தவனைப் பிடித்து உள்ளே தள்ளுகிற போலீஸ் ஸ்டேஷன் நினைவுக்கு வருகிறதா?

இதைவிடப் பெரிய பாவம் குறியை அழிப்பது. கோளாறு பதிவாகிற அந்த விநாடியில் வண்டி என்ன வேகத்தில் போயிற்று, எஞ்சின் எத்தனை சுற்று, தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் இழுத்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்த மாதிரி சேர்த்துப் பதிந்து வைக்கிறது. விட்டு விட்டு வருகிற வியாதிக்கு இதைவிட உயர்ந்த சாட்சியம் ஏது? பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தி விளக்கை அணைக்கும்போது இந்தப் பதிவும் அழிந்து போகிறது. வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு எழுதி வைத்த முடிவுகளும் அழிந்து, எல்லாச் சோதனையும் ஆதியிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. பெரும்பாலான கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டால்தான் விளக்கு எரியும் என்பது ஏற்பாடு. ஆகவே வாடிக்கைக்காரன் பட்டறை வாசலைத் தாண்டும்போது விளக்கு எரியாது. வீட்டுக்குப் போகும்வரை எரியாது. 'சரி பண்ணிவிட்டோம்' என்று அதற்குப் பெயர். கொலை நடந்த இடத்தைக் கழுவி மெழுகிக் கோலம் போட்டுவிட்டு, 'இங்கே ஒன்றும் நடக்கவில்லையே' என்கிற கைங்கரியம் இது.

வாசகர்களில் பலருக்கு அந்த விளக்கின் பூர்வோத்தரம் தெரிந்திருக்காது. ஓட்டுகிறவனின் க்ஷேமத்துக்காக அது பிறக்கவில்லை. கலிபோர்னியாவின் காற்றில் புகை மண்டியபோது, அங்குள்ள காற்று வள வாரியம் கொண்டுவந்த ஏற்பாடு அது. 1988 மாடல் வண்டிகளிலிருந்து அங்கே கட்டாயமாயிற்று. 1996-லிருந்து அமெரிக்கா முழுவதற்கும் எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் ஒரே மாதிரியான செருகியும் குறிகளும் வந்தன. நம் நாட்டில் பாரத் புகை விதிகளோடு 2010-க்குப் பிறகு படிப்படியாக வந்தது. ஆக, புகைக் குழாய் வழியாக வேண்டாதது வெளியேறுகிறதா என்று பார்க்க வைத்த காவல்காரன் அது. அதனால்தான் அமெரிக்காவில் பெட்ரோல் தொட்டி மூடியைச் சரியாக முடுக்காவிட்டாலும் அது எரிகிறது. இங்கே ஒருவன் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் செத்தும் சில சமயம் அது எரிவதே இல்லை. அதன் உத்தியோகம் வேறு. 'விளக்கு எரியவில்லை, ஆகவே வண்டியில் கோளாறு இல்லை' என்று சொல்கிறவர், குப்பைத்தொட்டி சுத்தமாக இருக்கிறது, ஆகவே வீட்டில் எவருக்கும் நோயில்லை என்று சொல்கிறவரே. அது மினுக்கி மினுக்கி எரிந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். எஞ்சினில் எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குப் போய் அங்குள்ள வடிப்பானைச் சுட்டுப் பாழாக்குகிறது என்று அர்த்தம். இந்த ஒரு வித்தியாசத்தையாவது வண்டி விற்கும்போது சொல்கிறார்களா? இருக்கையின் தோல் எந்த தேசத்து மாட்டுத் தோல் என்று சொல்கிறார்கள்.

'என்னய்யா, ஓர் ஒயருக்காக இவ்வளவு ஆவேசமா?' என்று கேட்கலாம். சரி, ஒயரை விட்டுவிடுகிறேன். ஒரு சாவித் துளையைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செய்த கோபால்ட் முதலான சின்ன வண்டிகளில் சாவி போடுகிற சுவிட்சுக்குப் பிடிமானம் போதவில்லை. சாவிக் கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, சாலைப் பள்ளத்தில் குலுங்கினாலோ சுவிட்சு தானாகப் பின்னுக்கு நழுவும். எஞ்சின் நிற்கும், ஸ்டீரிங்கின் உதவியும் பிரேக்கின் உதவியும் போகும். அதோடு, மோதினால் விரிந்து உயிரைக் காக்க வேண்டிய காற்றுப் பையும் விரியாது. சாவி அணைந்த வண்டி நிற்கிற வண்டி என்பது அதன் கணக்கு. ஓட்டுகிறவர்கள் ஆரம்பத்திலிருந்தே சொன்னார்கள்: ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி அணைந்துவிடுகிறது என்று. கம்பெனியின் உள்ளே அந்தப் புகாருக்கு என்ன வகை கொடுத்திருந்தார்கள் தெரியுமா? வாடிக்கைக்காரரின் சௌகரியம் பற்றிய விஷயம்! நடுச் சாலையில் எஞ்சின் சாவது அசௌகரியம். பாதுகாப்பைப் பற்றியது அல்ல. இப்படி வகை பிரித்து வைத்ததனால், காற்றுப் பை ஏன் விரியவில்லை என்று ஓர் அறையில் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, வண்டி ஏன் நிற்கிறது என்று அடுத்த அறையில் கிடந்த புகார்க் கட்டு சம்பந்தப்பட்டதாகவே தோன்றவில்லை. இதற்கு மேல் ஒன்று. 2006-ல் அந்தச் சுவிட்சின் பிடிமானத்தைக் கூட்டி மாற்றினார்கள். ஆனால் உதிரி பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண். தேடுகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு செவிலிப் பெண், தன் வண்டி ஓட்டத்தில் அணைந்துவிடுகிறது என்று 2010 மார்ச் மாதத்தில் பட்டறைக்குக் கொண்டுபோனாள். பெட்ரோல் போகிற பாதையைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். வண்டியை வாங்கிய சில நாளைக்குள், அவளுடைய இருபத்தொன்பதாவது பிறந்த நாளன்று, மழைச் சாலையில் வண்டி கட்டுமீறி எதிர் வண்டியில் மோதி அவள் இறந்தாள். முதலில் அவள் மீதே குற்றம் சொல்லப்பட்டது. அந்தச் சாலைக்கு அதிக வேகமாம். அவளுடைய பெற்றோர் விடவில்லை. வழக்குப் போட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நின்ற ஒரு பொறியியலாளர், அந்த வண்டியின் சுவிட்சையும் கடையில் புதிதாக வாங்கிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண் ஒன்று, உள்ளே இருந்த பாகம் வேறு. அந்த ஒரு மேஜையில் தொடங்கியது 2014-ல் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதில் போய் முடிந்தது. நஷ்ட ஈட்டு நிதியின் கணக்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட மரணங்கள் 124. அமெரிக்க அரசுக்குக் கம்பெனி 2015-ல் கட்டச் சம்மதித்தது 90 கோடி டாலர். சில டாலர்கூடப் பெறாத ஒரு சுவிட்சு!

அந்தப் பெண்ணின் வண்டியிலும் பெட்டியைச் செருகினால் அது சுவிட்சைக் காட்டியிருக்காது. சாவியை யாரோ திருப்பி அணைத்ததாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். அதன் கண்ணில் கோளாறே இல்லை. 'என் வண்டி தானாக அணைகிறது' என்று அவள் சொன்ன வாக்கியம் ஒன்றே உலகத்தில் இருந்த ஒரே சாட்சியம். அதற்குப் பதிலாக அவளுக்குக் கிடைத்தது ஒரு சுத்தம் செய்தல்.

இந்த இடத்தில் என் கட்சிக்கு வந்து சேர ஆசைப்படுகிற ஒரு கூட்டத்தை நான் வாசலிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. 'அந்தக் காலத்து அம்பாஸிடர் மாதிரி வருமா ஸார்? அந்தக் காலத்து மெக்கானிக் காதை வைத்தே சொல்லிவிடுவான்' என்று உருகுகிறவர்கள் அவர்கள். அம்பாஸிடரும் நின்றது. கோடையில் கார்புரேட்டருக்குப் போகிற வழியில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டு, ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு மர நிழலில் காத்துக் கிடந்த குடும்பங்கள் எத்தனை! கண்டென்சர் சூட்டில் கெட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் முனை தேய்ந்து, வழியெல்லாம் தள்ளிய கதை எத்தனை! அந்தக் காலத்து மெக்கானிக்குகளிலும் கைக்குக் கிடைத்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் விழித்தவர்கள் உண்டு. அவர்கள் ஓட்டுகிறவனைக் கேள்வி கேட்டார்கள் என்றால், கேட்காமல் வேறு வழி இருக்கவில்லை. அதைப் பெருமையாகப் பேச ஒன்றும் இல்லை. இன்றைய வண்டியின் கம்ப்யூட்டர் எனக்கு விரோதி அல்ல. ஒரு விநாடியில் பல தடவை எஞ்சினின் நாடியைப் பார்க்கிற யந்திரம் அற்புதமான யந்திரம். அதன் பேச்சைக் கேட்கிறோம் என்ற பெயரில் அதற்குப் பூசாரிகளாகி, அருள்வாக்கு வந்துவிட்டது, பாகத்தை மாற்று என்கிறவர்கள் மீதுதான் என் கோபம்.

பட்டறைக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். வாடிக்கைக்காரரைக் குறை சொல்வது வியாபார தர்மம் இல்லை. ஆகவே நான் சொல்கிறேன். மேல்படி இருபத்திரண்டாயிரத்தை ரசீது பார்த்துக் கட்டின அதே இளைஞன், பாய் அறுநூறு ரூபாய் கேட்டபோது என்ன சொன்னான் தெரியுமா? "ஒரு சாண் ஒயருக்கா பாய்?" ஐந்நூறுக்கு முடிந்தது.

அவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நாமெல்லோரும் அவன்தான். அட்டைப் பெட்டியில் கம்பெனி முத்திரையோடு வருகிற பாகத்துக்கு எட்டாயிரம் கொடுப்போம். பழைய பாகத்தைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தால் திருப்தியோடு வீட்டுக்குக் கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே போடுவோம். ஒரு மனிதன் மூன்று மணி நேரம் யோசித்ததற்கு எண்ணூறு கொடு என்றால் நமக்கு வயிறு எரிகிறது. 'பார்த்ததற்கெல்லாம் காசா?' மருந்து எழுதாமல் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்புகிற டாக்டருக்குப் பீஸ் கொடுக்கப் பழகிவிட்ட நமக்கு, எதையும் மாற்றாமல் காரணத்தைக் கண்டுபிடிக்கிற மெக்கானிக்குக் கொடுக்க மனசு வருவதில்லை. டாக்டர் படித்தவர், இவன் கையில் கிரீஸ் இருக்கிறது. வேறு காரணம் இருந்தால் யாராவது எனக்கு எழுதுங்கள். பாகம் விற்றால் லாபம், யோசித்தால் நஷ்டம் என்று நாமே கணக்கு எழுதிக் கொடுத்த பிறகு, பட்டறை எதைச் செய்யும்? 'விளக்கை மட்டும் அணைத்துக் கொடுப்பா, நாளைக்கு ஊருக்குப் போகணும்' என்று கேட்கிறவர்கள் இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் என்று நான் எண்ணப் போவதில்லை.

ஆனால் இந்த நியாயம் தகரக் கொட்டகைக்குத்தான் முழுக்கச் சேரும். கண்ணாடி மாளிகைக்குச் சேராது. ஏனென்றால் யோசிப்பதற்கு வேண்டிய ஆயுதங்களைப் பூட்டி வைத்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்ற படம், கம்பெனிக்கே உரிய குறிகளின் அர்த்தம், அவற்றைப் படிக்கிற கருவி, அசல் உதிரி பாகம் இவையெல்லாம் வெளிப் பட்டறைக்காரனுக்குக் கிடைக்காதபடி செய்தால், வண்டிக்காரன் எங்கே போவான்? 2011-ல் ஒருவர் இதைப் பற்றிச் செய்த புகார் விரிந்து, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநில மக்கள் 2012 தேர்தலில் இதே விஷயத்துக்கு வாக்குச் சீட்டிலேயே பதில் சொல்லி, வெளிப் பட்டறைகளுக்கும் அந்தத் தகவல்கள் கிடைக்க வேண்டும் என்று சட்டம் வரச் செய்தார்கள். நம் சர்க்காரும் 2022 டிசம்பரில், பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்கென்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தது. நல்ல காரியம்தான். சைதாப்பேட்டைப் பாய் இன்னமும் அந்த வண்டியின் ஒயர்ப் படத்தை யாரோ கைப்பேசியில் அனுப்பிய மங்கலான புகைப்படத்தில்தான் பார்த்தார். பாதி எழுத்து தெரியவில்லை. விரலால் தடவித் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனை பெரிய விஷயங்களை நான் ஒருவன் மாற்றிவிட முடியாது. ஆனால் வண்டியை விடுகிற ஒவ்வொருவரும் கேட்டு வாங்கக் கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குச் சட்டமும் வேண்டாம், ஆணையமும் வேண்டாம். ஜாப் கார்டில் அவர்களுடைய இரண்டு வார்த்தையை எழுத விடாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் நின்றது, ஏற்றத்திலா சமவெளியிலா, தொட்டியில் எவ்வளவு பெட்ரோல், திணறி நின்றதா வெட்டினாற்போல் நின்றதா, எவ்வளவு நேரம் கழித்து ஓடிற்று, எந்த விளக்கு முதலில் எரிந்தது என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்றால் பின்பக்கத்தில் எழுதட்டும். குறியை அழிப்பதற்கு முன்னால் அதையும், அதோடு பதிந்த எண்களையும் அதே காகிதத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். பிறகு, கோளாறு அவர்கள் கையில் அகப்படாவிட்டால், 'வண்டி நன்றாகத்தான் ஓடியது' என்கிற அந்த மரியாதையான வாக்கியத்துக்குப் பதில், 'ஓட்டத்தில் நிற்பதாகச் சொல்லப்பட்டது. காரணம் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட மாட்டார்கள். அந்த இளைஞன் அடுத்த தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். மானேஜரைக் கூப்பிடுவார்கள், உட்காரச் சொல்வார்கள், காப்பி வரும். காப்பியைக் குடித்துவிட்டு, மறுபடியும் அந்தக் காகிதத்தையே நீட்டும்படி நான் சொல்லியிருக்கிறேன்.